கல்யாணம் ஆகாதவங்க வரிசை

எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு விசா ஆபீசுல போய் சத்தியம் பண்ணிட்டு வந்த ஆளுக்குத்தான் நான் ஆறு வருஷமா சோறு வடிச்சேன். அவர், இவர்னு மரியாதை குடுத்துத்தான் பேசிக்கிட்டிருந்தேன். இனிமே அவன்தான். கேக்கறவங்க கேட்டுக்கோங்க, என் வாய் இப்படித்தான்.

என் பேரு சுமலதா. சொந்த ஊர் பர்கூர் பக்கம். எங்கப்பா கங்கப்பன் கல்குவாரியில உழைச்சே இடுப்பு போன ஆளு. எங்கம்மா மாரம்மா களை வெட்டியே என்னைப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சா. நான் ஓசூர்ல காருக்கு வயர் கட்டற கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறேன். கட்டி வர்ற வயர்ல எது விட்டுப்போச்சு, எது மாறிப்போச்சுன்னு பாத்து ஒதுக்கறது என் வேலை. அவன் பேரு மாதேஸ்வரன். அதே கம்பெனியில மெயின்டனன்ஸ். மத்தூர்ல பூமி, தோப்பு, போர்னு வசதியான வீட்டுப் பையன். மெஷின் ரிப்பேர்னு வந்தவன், ரிப்பேர் முடிஞ்ச பின்னாடியும் அந்த மெஷினையே தொடச்சுக்கிட்டு நிப்பான். லைன்ல இருக்கறதுங்க எல்லாம் சிரிக்கும். அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அவங்க வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க யாரு, நாங்க யாரு? எங்கம்மா அவங்க மாதிரி ஆளுங்க காட்டுலதான் கூலிக்குப் போனா. ஆனா அவன் அம்மா சரோஜம்மாள் ஒரு பேச்சு பேசல. "பையனுக்குப் புடிச்சிருக்கு, எனக்கென்ன கண்ணு"ன்னு என் கன்னத்தத் தடவினாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்படியும் ஒரு பொம்பள இருப்பாங்களான்னு லைன் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்படிச் சொன்ன என் வாயில மண்ணப் போட.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. பதிவு மட்டும் இப்ப வேணாம்"னாங்க.

எதுக்குன்னு அவன் அண்ணன் சென்னகிருஷ்ணன் வீடியோ கால்ல சொன்னாரு. அவரு கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய், அங்கயே சிட்டிசன் ஆனவரு. பொறுமையாத்தான் சொன்னாரு, குத்தம் சொல்ல மாட்டேன். "வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான்னு அளவு வெச்சிருக்காங்கம்மா. அதுல சொந்தக்காரங்களுக்குன்னு ஒரு பங்கு, வேலைக்கு வர்றவங்களுக்குன்னு ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குலயும் தனித்தனி வரிசை. ஒரு நாட்டுக்காரங்களே மொத்தத்தையும் அள்ளிக்க முடியாது. நம்மாளுங்க கூட்டம் ஜாஸ்தி, அதனால நமக்குப் பல வரிசை நகரவே நகராது."

சிட்டிசனோட அம்மாவுக்கு அளவு கணக்கே கிடையாதாம். அதனால சரோஜம்மாள் சீக்கிரமே போய் கிரீன் கார்டு வாங்கிட்டாங்க. வருஷா வருஷம் மாங்கா சீசனுக்கு மத்தூர் வந்துட்டுத் திரும்பிப் போவாங்க. ஆனா சிட்டிசனோட தம்பின்னா அதுதான் கடைசி வரிசை, பதினஞ்சு இருபது வருஷம் இழுக்கும். வேலைன்னு போறதுக்கு அங்க ஒரு கம்பெனிக்காரன் கூப்பிடணும். டிப்ளமோ படிச்ச நம்ம மெயின்டனன்ஸ்காரன எவன் கூப்பிடுவான்? கூப்பிட்டாலும் சென்னகிருஷ்ணன் கூட வேலை பாக்கற எஞ்சினியருங்களே அந்த வரிசையில நின்னு தலை நரைச்சுக் கெடக்கறாங்களாம்.

மிச்சம் இருக்கறது ஒரே வரிசை. கிரீன் கார்டு வெச்சிருக்கற அம்மா, கல்யாணம் ஆகாத மகனுக்குப் போடறது. எட்டு ஒம்பது வருஷத்துல வந்துரும். நாங்க பழகறதுக்கு முன்னாடியே சரோஜம்மாள் அதைப் போட்டு வெச்சிருந்தாங்க.

"கல்யாணம் ஆயிட்டா எந்த வரிசைங்க?"ன்னு கேட்டேன்.

"வரிசையே இல்லம்மா. தாலி கட்டின அன்னிக்கே அப்ளிகேஷன் செத்துரும். மறுபடி எங்கம்மா சிட்டிசன் ஆகி, கல்யாணம் ஆன மகன்னு புதுசா போடணும். அது ரொம்ப நீளம்."

"அப்ப அத்தை சிட்டிசன் ஆயிடுங்களேன்"னு நான் வெகுளியாச் சொன்னேன். சரோஜம்மாள் முகம் சுருங்கிப் போச்சு. சிட்டிசன் ஆயிட்டா இங்க வெவசாய பூமி வாங்க முடியாதாம். பக்கத்துல ஒரு தோப்பு விலைக்கு வர்ற மாதிரி இருந்துச்சு, அதுமேல அவங்களுக்கு ஒரு கண்ணு.

அப்புறம் என்ன, வெளிய தெரியாம கட்டிக்கறதுன்னு ஆச்சு. தொரப்பள்ளி பக்கம் ஒரு சின்னக் கோயில்ல, எங்கப்பா அம்மா, சரோஜம்மாள், என்கூட லைன்ல வேலை பாக்கற ஜெயமணி, இவ்வளவு பேரு நிக்க தாலி கட்டினான். பத்திரிகை இல்ல, போட்டோ இல்ல. மத்தூர் சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் சொல்லல. "வயித்தெரிச்சல் புடிச்சவங்க எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டா அவ்வளவுதான் கண்ணு. எங்க சித்தப்பா பையனுக்கு அப்படித்தான் போச்சு"ன்னாங்க. மொட்டைக் கடுதாசின்னா நம்ம ஊர்ல யாருக்குத்தான் பயமில்ல? எங்கம்மா மட்டும் மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா. "ஊருக்குத் தெரியாத கல்யாணம் என்ன கல்யாணம்டி"ன்னா. அவளுக்கு உலகம் தெரியாதுன்னு நான் அதட்டினேன்.

அடுத்த வருஷம் சுவாதி பொறந்தா. ஆசுபத்திரியில அப்பா பேரு கேட்டப்ப அவனே முன்னாடி போய், மாதேஸ்வரன்னு சத்தமாச் சொன்னான். அதுல பொய் இல்ல. புள்ளைய நெஞ்சுமேல போட்டுக்கிட்டுத்தான் தூங்குவான். அவன் கெட்டவன்னா எனக்கு இவ்வளவு வலிக்காது.

ஒரு நாள் ஜெயமணி டீ டைம்ல கேட்டா. "ஏன்டி, பொண்டாட்டி இல்லைன்னு சொல்லிக்கறீங்க, சரி. புள்ளைய என்னன்னு சொல்லுவீங்க?" அன்னிக்கு சாயங்காலமே சென்னகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். "கல்யாணம் ஆகாதவங்களுக்கும் குழந்தை இருக்கலாம்மா. அதை அவங்க தப்பாப் பாக்கறதில்ல. அப்பாவோட சேர்த்து குழந்தைக்கும் அதே வரிசையில இடம் உண்டு. ஆனா முதல்லயே சொல்லிடணும். மறைச்சுட்டா அப்புறம் கஷ்டம்"னாரு.

அன்னிக்கே நான் மாதேஸ்வரன்கிட்ட கறாராச் சொல்லிட்டேன். "ஏங்க, என்னைய இல்லைன்னு சொல்லுங்க, நான் பொறுத்துக்கறேன். பாப்பாவ இல்லைன்னு மட்டும் சொல்லக்கூடாது. அவ உங்க கூடப் போகட்டும், நான் வர்றப்ப வர்றேன்." புள்ள தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணினான். "எம் பொண்ண விட்டுட்டு நான் எங்கடி போவேன்"னு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த நம்பிக்கையிலதான் வருஷம் ஓடுச்சு. மாசா மாசம் அந்த ஊர்க்காரங்க, எந்த வரிசை எந்தத் தேதி வரைக்கும் நகர்ந்திருக்குன்னு நெட்டுல போடுவாங்க. ரேஷன் கடையில சக்கரை வந்துச்சான்னு பாக்கற மாதிரி நாங்க அதைப் பாப்போம். சில மாசம் நகரும். சில மாசம் அப்படியே நிக்கும். நகர்ந்தா அன்னிக்கு எங்க வீட்டுல கறிக்குழம்பு. கோயிலுக்குப் போனாக்கூட எனக்கு வேற வேண்டுதல் இல்ல. சுவாதி அவ அப்பா கையப் புடிச்சுக்கிட்டு பிளேன் ஏறணும், அவ்வளவுதான்.

போன வருஷக் கடைசியில எங்க தேதி வந்துருச்சு. இன்டர்வியூவுக்கு முன்னாடி மெடிக்கல் எடுக்கணும், சென்னையில அதுக்குன்னு இருக்கற ஆசுபத்திரியில. ரத்தம், எக்ஸ்ரே, ஊசி. போறவங்க எல்லாருக்கும் உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு. இவன் தனியாக் கெளம்பினான்.

"ஏங்க, பாப்பாவுக்கு?"

"அவளுக்கு அப்புறம் தேதி குடுப்பாங்க."

விட்டுப்போனதக் கண்டுபுடிக்கறதுக்குத்தான் கம்பெனி எனக்கு சம்பளம் குடுக்குது. வீட்டுல என் கண்ணு அவிஞ்சு போச்சு. புருஷன் சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்.

இன்டர்வியூ முடிஞ்சு வந்தான். கையில ஸ்வீட் பாக்ஸ். "ஓகே ஆயிருச்சு சுமா"ன்னு என்னையத் தூக்கிச் சுத்தினான். சுவாதி "நானு, நானு"ன்னு குதிச்சா. அவளையும் தூக்கினான். நான் டீ போட உள்ள போனேன். அவன் வாசப்பக்கம் நின்னு அவங்கம்மாவுக்குப் போன் போட்டான். அவங்க அப்ப மத்தூர்லதான் இருந்தாங்க. அவங்க வீட்டுப் பேச்சு தெலுங்கு.

"பாப்ப சங்கதி செப்பலேதம்மா. பில்லலு லேரனே செப்பினா"ங்கறான்.

பாப்பா விஷயம் சொல்லலம்மா, புள்ளைங்க இல்லைன்னுதான் சொன்னேன். என் லைன்ல பாதிப் பேரு குப்பம் பக்கத்துலேர்ந்து கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணுங்க. வருஷக்கணக்கா அதுங்க பேச்சக் கேட்டுக்கிட்டுத்தான் நான் வயர் பாக்கறேன். ஆறு வருஷம் கூடப் படுத்தவனுக்கு, எனக்குத் தெலுங்கு புரியும்ங்கறதுகூடத் தெரியல பாருங்க.

பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுது. நான் அப்படியே வெளிய வந்தேன். "என்னடா சொன்ன?"ன்னேன். டா போட்டுட்டேன். அதுதான் மொதல் தடவை.

மொதல்ல மழுப்பினான். அப்புறம், "திடீர்னு கேட்டாங்க, வாயில அப்படி வந்துருச்சு"ன்னான்.

"திடீர்னா? அப்ப மெடிக்கலுக்கு ஏன் புள்ளையக் கூட்டிட்டுப் போகல? மெடிக்கலும் திடீர்னு வந்துச்சா?"

அப்புறம்தான் வாயத் தொறந்தான். புள்ள இருக்குன்னா அம்மா யாரு, எங்க இருக்கா, கூடவா இருக்கீங்கன்னு தோண்டுவாங்களாம். எல்லாம் அவங்கம்மா யோசனை. மொதல்லயே புள்ள இல்லைன்னுதான் குடுத்திருக்கான். ஆனா அதுக்கும் வழி இருக்காம். இவன் போய் செட்டில் ஆகி, திரும்ப வந்து என்னைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்குவானாம். அப்ப பொண்டாட்டி வரிசையில எனக்குப் போடுவானாம்.

"சுவாதி?"

அவன் தரையப் பாத்தான். "அவள உன் பொண்ணுன்னு காட்டிக்கலாம் சுமா. உன் மொத வீட்டுக்காரருக்குப் பொறந்ததுன்னு. அந்த சர்டிபிகேட்டெல்லாம் மாத்தறதுக்கு அம்மா ஆள் பாத்து வெச்சிருக்காங்க. பேப்பர்ல மட்டும்தான்டி."

மொத வீட்டுக்காரரா? எனக்கு எவன்டா மொத வீட்டுக்காரன்? இவன் பெத்த புள்ளைய எவனுக்கோ பொறந்ததுன்னு நான் கையெழுத்துப் போடணும். அதுவும் இவன்கூடப் போய் வாழறதுக்காக. கையில கெடச்ச பாத்திரத்த எல்லாம் விட்டெறிஞ்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தொறந்து பாத்தாங்க. பாக்கட்டுமேன்னு இருந்துச்சு. "நீ மனுசனாடா? உன் மூக்கு, உன் நெத்தி, அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. எவன் பேரடா போடச் சொல்ற?" அவன் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தான். மறுநாள் டிரஸ்ஸெல்லாம் எடுத்துக்கிட்டு மத்தூர் போயிட்டான்.

ஜெயமணிதான் வழி சொன்னா. எனக்காக அவளே ஒரு மெயில் அடிச்சா, விசா ஆபீசுக்கு. இந்த ஆளுக்கு இந்தப் பேர்ல ஒரு பொண்ணு இருக்குது, நான்தான் அவ அம்மா, கோயில்ல தாலி கட்டினான், இது புள்ளையோட பொறந்த சர்டிபிகேட். அவ்வளவுதான். "அமுக்கினா அவன் விசா காலி. இனிமே அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க முடியாது. யோசிச்சுக்கோ"ன்னு போன என் கையில குடுத்தா.

நான் அமுக்கல. ரெண்டு நாளா அதையே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தேன். அவன் வாழ்க்கையக் கெடுக்கணும்னு எனக்கு ஆசையில்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் ஆளுங்க முன்னாடி இவ எம் பொண்ணுன்னு சொன்னாப் போதும். மெயில அழிச்சிரலாம், அவன் போகட்டும், மத்ததப் பின்னாடி பாத்துக்கலாம்னு இருந்தேன். பைத்தியக்காரி, அவ்வளவு பாசம்.

ஞாயித்துக்கிழமை மத்தூர்ல அவனுக்கு வழியனுப்பு விருந்துன்னு கேள்விப்பட்டேன். சுவாதிக்கு மஞ்சக் கவுன் மாட்டி, கிருஷ்ணகிரி வந்து பஸ் மாறிப் போனேன். ஆறு வருஷத்துல அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் மொதல் தடவை. வாசல்ல பந்தல், சேர், பிரியாணி வாசனை. ஒருத்தருக்கும் என்னைத் தெரியல. பந்திக்கு வந்தவள்னு நெனச்சு ஒரு ஆளு எனக்கு எலை போடப் போனாரு.

அவன் நடுவுல புதுச் சட்டையில நின்னுக்கிட்டிருந்தான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சுவாதி கைய உதறிக்கிட்டு ஓடினா. "அப்பா!"ன்னு கத்திக்கிட்டே போய் அவன் காலக் கட்டிக்கிட்டா.

பந்தல்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவன் அத்தை வெங்கடம்மாள் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வயசானவங்க, சூது வாது தெரியாதவங்கன்னு அவன்தான் என்கிட்டச் சொல்லியிருக்கான். "ஏன்டா மாதேசு, புள்ள அப்பாங்குது?"ன்னு கேட்டாங்க.

சரோஜம்மாள்தான் உள்ளேயிருந்து வேகமா வந்தாங்க. சிரிச்ச மொகம் மாறாம, "அது யாரப் பாத்தாலும் அப்பாங்கும். அப்பன் இல்லாத புள்ள பாவம்"னாங்க.

நான் அந்தம்மாவப் பாக்கல. அவனத்தான் பாத்தேன். அந்தக் கெழவியும் அவனத்தான் பாத்தாங்க. "நீ சொல்லுடா, யாரு இவங்க?"

சொல்லுடான்னு நானும் மனசுக்குள்ள கெஞ்சினேன்.

"கம்பெனியில கூட வேலை செய்யறவங்க அத்தை. அவங்க பாப்பா"ன்னான்.

விசா ஆபீசுல கேட்டது ஆபீசர். உண்மையச் சொன்னா விசா போயிரும், வரிசை போயிரும், பயந்துட்டான்னு வெச்சுக்கறேன். இங்க கேட்டது பெத்த புள்ள மாதிரி வளத்த அத்தை. இங்க என்ன வரிசைடா நிக்குது? என்னையக் கட்டினத இவன் வெளிய சொல்லாம இருந்ததுக்கு விசா ஒரு சாக்கு. அவன் அம்மா அன்னிக்கு என் கன்னத்தத் தடவினதும் இதுக்குத்தான். எப்ப வேணும்னாலும் இல்லைன்னு சொல்லிக்கலாம், எங்க ஆளுங்களால என்ன பண்ணிர முடியும்னுதான்.

நான் ஒண்ணும் கத்தல. அவன் கால்லேர்ந்து புள்ளையப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்ல நின்னு போன எடுத்தேன்.

பின்னாடி ஓடியாற சத்தம் கேட்டுச்சு. அவன்தான். செருப்புகூடப் போடல. மூச்சு வாங்க வந்து நின்னான். அவனப் பாத்ததும் சுவாதிக்கு அழுகை நின்னு போச்சு. அப்பா தன்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கார்னு நெனச்சு, ரெண்டு கையையும் அவனப் பாத்து நீட்டினா.

அவன் அவளப் பாக்கவே இல்ல. அவன் கண்ணு என் கையில இருந்த போன்மேலயே இருந்துச்சு. "சுமா, எவளோ மெயிலு கியிலுன்னு சொல்லிக் குடுத்திருப்பா. அனுப்பிராதடி. உன் கால்ல விழறேன்"னான்.

புள்ள நீட்டின கை அப்படியே நின்னுச்சு. நான் அனுப்பினேன்.